பூவின் படமும் பூவின் பெயரும்: புதுவைத் தாவரத் தோட்டம் சொல்லும் வரலாறு

காலையில் கைபேசியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பூக்கள்தான். செம்பருத்தி, ரோஜா, தாமரை, பெயர் தெரியாத ஏதோ ஒரு மலைப்பூ. அதன் மேல் 'இனிய காலை வணக்கம்'. நம் பாப்பாரப்பட்டி முதியோர் குழுவில் மட்டும் ஒரு நாளைக்கு இருபது பூவாவது வருகிறது. நானும் அனுப்புகிறவன்தான். ஆனால் 'இது என்ன பூ, எந்த ஊரில் பூத்தது?' என்று கேட்டால் அனுப்பியவருக்கே தெரிவதில்லை.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு இது உறுத்தும். தேதியில்லாத தபாலும் எண்ணில்லாத கோப்பும் இருந்தும் இல்லாதவையே. பெயரும் ஊரும் இல்லாத செடிப்படமும் அப்படித்தான். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, கேமரா என்ற ஒன்று வருவதற்கும் முன்னால், புதுச்சேரியில் செடிகளோடு வாழ்ந்த சிலர் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். அவர்கள் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

நம் பக்கத்து மக்களுக்குத் தாவரத் தோட்டம் என்றால் பெங்களூர் லால்பாக்தான். ஹைதர் அலி 1760 வாக்கில் தொடங்கிய தோட்டம் அது. கண்ணாடி மாளிகையில் மலர்க் கண்காட்சி நடக்கும்போது தர்மபுரியிலிருந்து பஸ் ஏறிப் போய் வருவோம். இன்னும் சிலர் ஊட்டி தோட்டத்தைப் பார்த்திருப்பார்கள். அது 1848-இல் தொடங்கியது. புதுவைத் தோட்டம் இந்த இரண்டையும்விடச் சிறியது, ஆனால் ஊட்டியைவிட மூத்தது. 1826-இல் அமைக்கப்பட்டது. நான் பிறந்து வளர்ந்தது புதுவையில்; படித்தது பிரெஞ்சு மொழியில். வீட்டில் அதைப் 'பொட்டானிக்கல் கார்டன்' என்போம், பள்ளியில் 'ழர்தேன் பொத்தானிக்' என்போம். இரண்டும் ஒரே இடம்தான்.

1814-இல் ஐரோப்பாவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1816-இல்தான் ஊர் உண்மையில் கைமாறியது. அதே ஆண்டு பிரான்சிலிருந்து லெஷெனோ தெ லா தூர் என்ற தாவர அறிஞர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். ஏற்கெனவே ஆஸ்திரேலியக் கடற்கரையையும் ஜாவாவையும் சுற்றிப் பார்த்தவர் அவர். புதுவையில் ஒரு தோட்டம் அமைப்பதும், இந்தியச் செடிகளையும் விதைகளையும் சேகரித்துப் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்புவதும் அவருக்கு இடப்பட்ட வேலை. ஆங்கிலேயரின் அனுமதி பெற்றுச் சென்னை, வங்காளம், இலங்கை என்று அலைந்தார். 1819-இல் நீலகிரி ஏறினார். காரைக்காலுக்கும் சேலத்துக்கும் சென்று வந்ததைப் பற்றிப் பாரிசுக்கு ஒரு குறிப்பும் எழுதி அனுப்பினார். தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-இல். அவர் வந்த காலத்தில் நாமெல்லாம் சேலத்துக்காரர்கள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லெஷெனோ 1822-இல் பிரான்ஸ் திரும்பினார். தோட்டத்தைப் பேர் சொல்லும்படி ஆக்கியவர் அவருக்குப் பின் வந்த சாமுவேல் பெரோத்தே. சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். பாரிஸ் அரசுத் தாவரத் தோட்டத்தில் தோட்டக்காரராக வேலையைத் தொடங்கியவர். தோட்டக்காரர் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மண்ணைத் தொட்டு வேலை செய்தவருக்கே உரிய கவனம் அவரிடம் கடைசி வரை இருந்தது. 1819 முதல் 1821 வரை கப்பலில் ரியூனியன், ஜாவா, பிலிப்பைன்ஸ் என்று சுற்றி, தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானாவில் பயிரிடுவதற்காகச் செடிகளை உயிரோடு சேகரித்துக் கொண்டுபோனார். பிறகு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டில் சில ஆண்டுகள். 1834-இல் புதுவை வந்தார். இடையில் சில காலம் ஐரோப்பாவுக்குப் போனாலும், மறுபடியும் இங்கேயே வந்து, 1870-இல் புதுவையிலேயே கண்ணை மூடினார்.

அவர் காலத்தில் கல்கத்தா, சென்னை, இலங்கை, ரியூனியன் ஆகிய இடங்களிலிருந்து செடிகள் வந்து தோட்டத்தில் சேர்ந்தன. அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல. எந்தப் பயிர் இந்த மண்ணில் வரும், எது காசு கொடுக்கும் என்று பார்க்கும் சோதனை நிலமாகவும் தோட்டம் இருந்தது. பெரோத்தே அவுரிச் செடியையும் நீலச்சாயம் எடுக்கும் முறையையும் பற்றி 1842-இல் ஒரு முழு நூலே எழுதினார். புதுவையில் அவுரி நீலம் தோய்த்த துணிக்கு அன்று செனகலில் பெரிய சந்தை. துணி வாங்குகிறவர்களின் நாட்டையும், சாயம் விளைகிற நாட்டையும் இரண்டையும் நேரில் பார்த்தவர் அவர்.

நம் மாவட்டத்துக்காரர்கள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. நம் பக்கத்தில் பட்டுக்கூடு வளர்க்கிற குடும்பங்களுக்கு மல்பெரிதான் சோறு. அந்த மல்பெரியில் அடியிலிருந்தே பல தண்டுகள் விடும் ஒரு வகையை மணிலாவிலிருந்து கப்பலில் ஏற்றி 1821-இல் பிரான்சுக்குக் கொண்டுசேர்த்தவர் இதே பெரோத்தேதான். 'மோரஸ் மல்டிகாலிஸ்' என்று அதற்குப் பெயரிட்டதும் அவரே. 'மல்டிகாலிஸ்' என்றால் பல தண்டுடையது என்று பொருள். தாவர நூல்களில் அந்தப் பெயரின் பின்னால் இன்றும் 'பெர்.' என்று சுருக்கமாக அவர் கையொப்பம் இருக்கிறது.

இனி, கேமரா இல்லாத காலத்தில் இவர்கள் எப்படிப் 'படம் பிடித்தார்கள்' என்று பார்ப்போம்.

செடியையே படமாக ஆக்கினார்கள். பூவும் காயும் உள்ள ஒரு கிளையை வெட்டி, இலைகளில் ஒன்றிரண்டைப் பின்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்து, காகிதங்களுக்கு நடுவே அழுத்துவார்கள். ஈரமான காகிதத்தை எடுத்துவிட்டுக் காய்ந்த காகிதம் வைப்பார்கள். மழைக்காலத்தில் இதைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் தடித்த தாளில் ஒட்டுவார்கள். மூலையில் ஒரு சீட்டு: செடியின் பெயர், எடுத்த இடம், எடுத்த தேதி, எடுத்தவர் பெயர், வரிசை எண். பூவின் நிறம் காய்ந்தால் போய்விடும் என்பதால், அதையும் எழுதி வைப்பது நல்ல சேகரிப்பாளரின் பழக்கம். பிரெஞ்சில் இந்தத் தொகுப்புக்கு 'எர்பியே' என்று பெயர். தமிழில் உலர்தாவரத் தொகுப்பு எனலாம்.

நாங்கள் சிறுவயதில் பள்ளியில் இதைச் செய்திருக்கிறோம். ஆசிரியர் எங்களை வரிசையாகத் தோட்டத்துக்குக் கூட்டிப் போவார். மரத்திலிருந்து பறிக்கக் கூடாது, கீழே விழுந்ததைத்தான் எடுக்க வேண்டும். வீட்டில் பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே அம்மியை ஏற்றி வைப்பேன். மறுநாள் அரைப்பதற்கு அம்மிக்குழவி தேடும் அம்மா என்னைத் திட்டுவார். ஒட்டிய நோட்டில் இலைக்குக் கீழே பிரெஞ்சுப் பெயரும் லத்தீன் பெயரும் எழுதினால்தான் மதிப்பெண். நான் ஒரு பழக்கமாகத் தமிழ்ப் பெயரையும் எழுதுவேன். அதைத் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றும் வேலைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். 'அண்ணே, இது என்ன?' என்றால், 'புங்கன்டா தம்பி' என்று தலை நிமிராமலே சொல்வார். ஒரு தடவையும் தடுமாறியதில்லை.

அடுத்த வழி, ஓவியம். பெரோத்தே புதுவையில் இருந்த அதே காலத்தில், ஆங்கிலேயர் பக்கத்தில் ராபர்ட் வைட் என்ற மருத்துவர் தென்னிந்தியச் செடிகளை ஓவியமாக எழுதச் செய்துகொண்டிருந்தார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட ஆறு தொகுதிகளில் 2101 படங்கள் இருக்கின்றன. வரைந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல, நம்மவர்கள். ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. பூவைப் பிளந்து உள்ளே சூலகத்தில் எத்தனை அறை, மகரந்தத் தாள் எத்தனை என்பது வரை தனித்தனியாக வரைந்திருக்கிறார்கள். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் 'கோவிந்தூயியா' என்று அந்த ஓவியர் பெயரை வைத்தார். கூலிக்கு வரைந்தவர் பெயர் ஏட்டில் ஏறுவது அந்தக் காலத்தில் அபூர்வம்.

மூன்றாவதாகத்தான் கேமரா. 1839-இல் பாரிசில் தாகேர் கண்டுபிடித்த முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கட்டடங்களையும் மனிதர்களையும் கேமரா உடனே பிடித்துக்கொண்டது. செடிகளில் மட்டும் அது நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. காரணம் எளிது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஒரே சாம்பலாகத் தெரியும். காற்றில் ஆடும் கிளை மங்கிப் போகும். அதனால் கேமரா வந்த பின்னும் அறிஞர்கள் உலர்ந்த தாளையும் ஓவியத்தையும் விடவில்லை. இன்றும் ஒரு புதுச் செடியைக் கண்டால் படம் மட்டும் போதாது, காய்ந்த மாதிரி வேண்டும் என்பதே பொது விதி.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆக்ஃபா கிளிக் கேமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான். கல்யாணம், காதுகுத்து, பெரியவர்கள் இவர்களுக்கே போதாது. பூவுக்கு யார் செலவழிப்பார்கள்? இன்று ஒரு பைசா செலவில்லை. அதனால்தான் படம் பெருகிவிட்டது, சீட்டு எழுதுவது நின்றுவிட்டது.

சீட்டு எழுதி வைத்ததன் பலன் என்ன என்று கேட்பீர்கள். பெரோத்தே நீலகிரியில் எடுத்துக் காயவைத்த செடிகள் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அந்த அருங்காட்சியகம் தன்னிடமுள்ள ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டது. பாப்பாரப்பட்டியில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்க்கிறேன். இலை பழுப்பாகிவிட்டது, ஆனால் மூலையில் உள்ள சீட்டு, எந்த மலைச் செடி, யார் எடுத்தது என்று சொல்கிறது. அந்தச் சீட்டு இல்லையென்றால் அது வெறும் சருகு. புதுவையிலேயும் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இப்படிப்பட்ட தொகுப்பு ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் வரைபடங்களை உருவாக்கியவர்களுக்கு அது பெரிய துணையாக இருந்தது.

பெயர் தெரிந்தால் ஒரு பூ எவ்வளவு பேசும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று நாகலிங்கப் பூ. புதுச்சேரியின் மாநில மலர். நடுவில் லிங்கம், மேலே குடைபிடித்த நாகம் என்று சிவன் கோயில்களில் இந்த மரத்தை வைத்துக் கும்பிடுகிறோம். அதன் அறிவியல் பெயர் 'கூரூபிட்டா கயானென்சிஸ்'. பெயரிலேயே ஊர் இருக்கிறது, கயானா! ஒப்லே என்ற பிரெஞ்சுக்காரர் கயானாவில் இருந்துவிட்டு வந்து, 1775-இல் வெளியிட்ட நூலில் 'கூரூபிட்டா' என்ற பெயரைப் பதிவு செய்தார். பெரோத்தே ஆசியச் செடிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்த அதே கயானாதான். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று செடிகள் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. கடல் கடந்து வந்த மரத்தை நம்மவர்கள் சிவனுக்கே கொடுத்துவிட்டார்கள். இதில் எனக்குக் குறை எதுவும் தோன்றவில்லை, பெருமையாகவே இருக்கிறது.

இன்னொன்று காகிதப்பூ. பிரேசிலில் கோமர்சோன் என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞர் 1767-இல் சேகரித்தது. தன் கப்பல் தலைவர் பூகேன்வீல் பெயரை அதற்கு வைத்தார். ஆனால் கோமர்சோனுக்கு உதவியாளராக ஆண் வேடத்தில் அந்தக் கப்பலில் சென்றவர் ழான் பாரே என்ற பெண். உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். கப்பல் தலைவர் பெயர் எல்லா வீட்டு வேலியிலும் பூக்கிறது. செடிகளைச் சுமந்த பெண்ணின் பெயரை இப்போதுதான் தேடி எடுக்கிறார்கள். பதிவேட்டில் யார் பெயர் ஏறுகிறது என்பதும் ஒரு வரலாறு.

சென்ற பொங்கல் விடுமுறையில் பேரனோடு புதுவைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். இரண்டு மணி நேரத்தில் இருநூற்று நாற்பது படம் எடுத்தான். 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயலிலும், 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலிலும் அடிபட்ட ஊர் அது. தானே புயல் ஒரே இரவில் புதுவையிலும் கடலூரிலும் எத்தனை ஆயிரம் மரங்களைச் சாய்த்தது என்பது அந்தப் பக்கத்து மக்களுக்கு மறக்காது. இன்று நிற்கிற மரம் அடுத்த கார்த்திகையில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் படம் எடுப்பதை நான் தடுக்கவில்லை. எடுக்கும் முறையை மட்டும் மாற்றச் சொன்னேன்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு செடிக்கு ஒரு படம் போதாது, ஐந்து வேண்டும். முதலில் முழுச் செடி அல்லது மரம். அடுத்து இலை, முன்பக்கமும் பின்பக்கமும். அது தண்டில் எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா என்று தெரிய வேண்டும். பிறகு பூ, நேராகவும் பக்கவாட்டிலும். நான்காவது காய். ஐந்தாவது மரப்பட்டை. அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் பிடிக்கலாம். உச்சிவெயிலில் வெள்ளைப் பூ வெளுத்துப் போகும். காலை ஒன்பது மணிக்குள், அல்லது மேகம் மூடிய நேரத்தில் எடுத்தால் நிறம் சரியாக வரும். பெயர்ப்பலகை இருந்தால் அதையும் ஒரு படம். கடைசியாகத் தேதி, இடம், பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

'தாத்தா, பெயரைத்தான் கைபேசியே சொல்லிவிடுமே' என்றான் பேரன். உண்மைதான், பல செடிகளுக்குச் சொல்கிறது. லத்தீன் பெயரைச் சொல்கிறது. ஆனால் நம் ஊர்ப் பெயரை அது சொல்வதில்லை.

பாப்பாரப்பட்டி திரும்பியதும் ஏரிக்கரைப் பக்கம் வேலியில் படர்ந்திருந்த ஒரு கொடியைப் படம் எடுத்தோம். கைபேசி 'பெர்குலாரியா டேமியா' என்றது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த எண்பது வயதுப் பெரியம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"இதுகூடத் தெரியாதா சாரு? உத்தாமணி. எங்கம்மா ஊர்ல வேலிப்பருத்தினு சொல்வாங்க. கொழந்தைக்கு மாந்தம் வந்தா இதத்தான் தேடிக்கிட்டு ஓடுவோம்."

ஒரு மூச்சில் இரண்டு பெயர், ஒரு பயன். பேரன் எழுதிக்கொண்டான். அவர் மகன் ஓசூரில் கம்பெனி வேலை. மருமகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. அந்தப் பெரியம்மாவோடு இவையும் போய்விடும்.

பெயர் தொலைவது சிறிய விஷயம் அல்ல. நம் மாநில மலர் செங்காந்தள். அதன் கிழங்கைத்தான் கண்வலிக்கிழங்கு என்றும் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்கிறோம். கடும் விஷம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. மூன்று பெயரும் ஒரே செடி என்று தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தவரை குழந்தைகள் தப்பித்தார்கள். இப்போதோ, பெயரும் ஊரும் இல்லாத ஏதோ ஒரு செடிப்படத்தைப் போட்டு 'இதை அரைத்துக் குடித்தால் சர்க்கரை போய்விடும்' என்று காலை வணக்கத்தோடு வருகிறது. அது என்ன செடி என்று யாருக்கும் தெரியாது. தயவுசெய்து அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

பெரோத்தேயிடம் கேமரா இல்லை, சீட்டு இருந்தது. நம்மிடம் கேமரா இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று பத்துப் பதினைந்து ரூபாய்தான். நம் ஊரில் எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் ஆவாரை, தொடரி, காரை, சூரை, பிரண்டை, முடக்கத்தான் என்று எத்தனையோ பெயர்கள் இன்னும் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும்போது கைபேசியை அவர்களிடம் கொடுங்கள், நோட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். படத்தை அவர்கள் எடுக்கட்டும், பெயரை நீங்கள் சொல்லுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் இதுவரை முப்பத்தேழு செடி ஏறியிருக்கிறது. ஆடி மழைக்குப் பிறகு இன்னும் முளைக்கும்.